பேரப்பிள்ளை வளர்க்கும் அப்பத்தாமாருக்கும் ஐயாமாருக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல், தேவகோட்டை என்று நம் செட்டிநாட்டுச் சீமை முழுக்கப் பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் அப்பத்தாமார், அம்மாச்சிமார், ஆயாமார், ஐயாமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து. சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பியது. ஒரு பெரியவர் சொன்னார்: “பேரன் கெட்ட வார்த்தை பேசினான். வாயில மிளகாய்ப் பொடிய அப்பிவிட்டேன். இப்ப வாயே திறக்குறதில்ல.” எல்லோரும் சரிதான் என்று தலையாட்டினார்கள். இன்னொருவர், “எங்க காலத்துல கரண்டிக் காம்பக் காய்ச்சிச் சூடுதான்” என்றார்.

அந்தப் பையன் அங்கேதான் நின்றான். எட்டு வயது இருக்கும். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து, தூணைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. 31 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான், சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. காரணம், இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையே செய்தவள். அன்று திண்ணையில் சொல்லாமல் விட்டதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகள் காரைக்குடியில் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள். காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி ஒன்பதரை ஆகும் வர. பேரன் என்னிடம்தான் வளர்கிறான். அந்த வருடம் பொங்கலுக்கு அவனுடைய தாய்மாமன் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தை மூன்றாம் நாள் அந்தப் பொட்டலில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாடு அவிழும்போது நாலு பக்கமும் என்ன பேச்சு பறக்கும் என்றும் தெரியும். மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனோடு பம்பர விளையாட்டில் சண்டை வந்தது. என் பேரன் அந்தப் பையனின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். ஏழு வயதுப் பிள்ளை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்தப் பையனின் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டாளே என்ற அவமானம் வேறு. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் மிளகாய்ப் பொடியை உதட்டில் தேய்த்துவிட்டேன்.

அவன் அழுதுகொண்டே கையால் வாயைத் துடைத்தான். அதே கையால் கண்ணைத் தேய்த்தான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கை வரவில்லை. சொம்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தேன், எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆட்டோ பிடித்து ஆசுபத்திரிக்கு ஓடினோம். கண்ணில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். வாய் எரிச்சலுக்குப் பாலோ தயிரோ கொடுக்கச் சொன்னார் டாக்டர். மிளகாயில் இருக்கும் காரச் சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “என்னம்மா, பிள்ளைக்கு வாய்ல மிளகாய் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். “நாந்தான் எடுத்துத் தின்னேன்” என்றான். என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னான்.

அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முற்றத்தில் காயப்போட்டிருந்த வடகத்தில் ஓர் ஆடு வாய் வைத்தது. நான் உள்ளே இருந்தேன். “ஏ பேதியில போற கழுத! கட்டையில போறவளே! நாசமாப் போ!” என்று ஒரு குரல் கேட்டது. இழுவை, அழுத்தம், கடைசியில் ஏறும் அந்தத் தொனி எல்லாம் என்னுடையது. பேசியது அவன். அது மஞ்சுவிரட்டுப் பொட்டலில் கற்ற பேச்சு இல்லை. என் அடுப்படியில் கற்றது. அதற்கு நான் அவன் வாயில் மிளகாய் தேய்க்கவில்லை. அதுவரை அதைக் கெட்ட வார்த்தை என்று நினைத்ததுகூட இல்லை.

அன்றிலிருந்து நான் பேசுவதை நானே கேட்கத் தொடங்கினேன். பிள்ளை தூங்கி எழ நேரமானால் “சனியனே”. சோறு சிந்தினால் “மூதேவி”. கொஞ்சம் ஓடினால் “காலை ஒடிச்சுருவேன்”. செல்போனை எடுத்தால் “எடுபட்ட பயலே”. ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணப் பார்த்து, மத்தியானத்துக்குள் விட்டுவிட்டேன்.

நம் வசவு எல்லாம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். பேதியில போவான், கொள்ளையில போவான் என்பதெல்லாம் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பிணம் விழுந்த நோய்களின் பெயர். வாந்திபேதியும் பெரியம்மையும் வந்தால் வீட்டுக்கு ஒன்றாவது போகும் என்று என் அம்மா சொல்லுவாள். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் அறிவித்தார்கள். நோய் போய் இத்தனை வருடமாகியும் அதை நாம் நம் பிள்ளைகளின் தலையில்தான் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வசவே தப்பு, கோபமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. என் அம்மா பெரிய வீட்டில் அடுப்படி வேலை பார்த்தவள். கூலியைக் குறைத்தபோது அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. கொல்லைப் பக்கம் வந்து மண்ணை வாரித் தூற்றி வைவாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவள் வைதது அவளை மிதித்தவர்களை. நாம் வைவது நம்மை நம்பி நம் கையால் சோறு தின்னும் பிள்ளைகளை.

இனி என் மனதில் அதிகம் கிடந்து உறுத்துவதைச் சொல்கிறேன். நாம் பிள்ளைகளைத் தலைகீழாகக் கண்டிக்கிறோம்.

உடம்பைச் சொல்லும் வார்த்தை ஒன்று பிள்ளை வாயில் வந்தால் வீடே கூடி அடிக்கிறோம். அதே பிள்ளை கால் சாய்த்து நடக்கும் பையனை “நொண்டி” என்று கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிறம் குறைந்த பெண்பிள்ளையைக் “கருப்பி” என்றால் சிரிக்கிறோம். காது கேட்காத தாத்தாவைச் “செவிடு” என்றால், உண்மையைத்தானே சொல்கிறான் என்கிறோம். “அறுதலி” என்று ஒரு வசவு உண்டு நம்மிடம். தாலி அறுத்தவள் என்று அர்த்தம். புருசனைப் பறிகொடுத்த துக்கத்தையே எடுத்து எறியும் கல்லாக்கிய வார்த்தை அது. நானும் வாலிபத்தில் அதை யார் யாரையோ சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு தண்ணிக்குழாய்ச் சண்டையில் ஒருத்தி என்னைச் சொன்னாள். அன்றைக்குத்தான் அதன் முனை எவ்வளவு கூர் என்று தெரிந்தது.

சாதியைச் சொல்லி வைவது இதைவிட மோசம். ஒரு சாதியின் பெயரையே வசவாக வைத்துக்கொண்டு நாம் கூச்சமில்லாமல் பேசுகிறோம். “சண்டாளன்” என்ற சொல் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். அதை வசவாகவும் கேலியாகவும் பயன்படுத்தக் கூடாது என்று 2024-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமே சொன்னது. நம் வீடுகளில் “அட சண்டாளா” என்று பாசத்தோடு கொஞ்சுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். சாதிப் பெயரைச் சொல்லி நாலு பேர் முன்னால் ஒரு பட்டியல் சாதிக்காரரை வைவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். அங்கன்வாடியில் என் கண் முன்னால் நாலு வயதுப் பிள்ளை ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தட்டைத் தள்ளி, சாதியைச் சொல்லி “நீ அங்க போ” என்றது. அதற்கு அர்த்தம் தெரியாது. ஆனால் யாரை, எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அதை எந்தப் பொட்டலிலும் அந்தப் பிள்ளை கேட்டிருக்க முடியாது. வீட்டில்தான் கேட்டிருக்கும். அன்று சாயங்காலம் அதன் அம்மாவிடம் சொன்னேன். “சின்னப்புள்ள, தெரியாமச் சொல்லுது டீச்சர்” என்றாள். அடுத்த வாரம் அதே பிள்ளை “குண்டி” என்று சொன்னதற்கு முதுகில் நாலு விரல் பதிய அடித்திருந்தாள்.

பெரிய வீடுகளிலும் இப்படி ஒன்று உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எழுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பிள்ளை “ஏய், இங்க வா” என்று கூப்பிடுவதை என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் பிள்ளைகள் கெட்ட வார்த்தையே பேசாது என்று பெருமையாகச் சொல்வார்கள். இப்போது எவ்வளவோ மாறிவிட்டது, பல வீடுகளில் வேலை செய்கிறவர்களை அண்ணன் என்றும் அக்கா என்றும் பிள்ளைகள் அழைக்கின்றன. அதைக் கேட்கும்போது மனசு குளிர்கிறது. அப்படி அழைக்கப் பழக்காத வீடுகளும் இன்னும் இருக்கின்றன.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். பிள்ளை என்ன வார்த்தை சொன்னது என்பதற்கு முன்னால், அந்த வார்த்தை யார் மேல் போய் விழுந்தது என்று பாருங்கள். கல் தடுக்கி விழுந்து வலியில் ஒன்றைச் சொல்லிவிட்டால், “அந்த வார்த்தை வேண்டாம்பா, எங்கே அடிபட்டது காட்டு” என்று விட்டுவிடலாம். இன்னொரு மனுசனின் உடம்பையோ பிறப்பையோ குறையையோ அம்மாவையோ எடுத்து எறிந்தால், அங்கே நில்லுங்கள். அடிக்க வேண்டாம். ஆனால் விடவும் வேண்டாம்.

இனி அங்கன்வாடியில் நான் கண்டதைச் சொல்கிறேன். ரெண்டு ரெண்டரை வயதில் பிள்ளை கெட்ட வார்த்தை பேசுவதில்லை, எதிரொலிக்கிறது. வேகமாக, அழுத்தமாக, கோபமாகச் சொன்ன வார்த்தைதான் அதற்குச் சட்டென்று ஒட்டும். அதைச் சொன்னதும் மாமா சிரித்து, சித்தி “ஐயோ இன்னொரு தடவ சொல்லு” என்று செல்போனில் படம் எடுத்தால், அந்தப் பிள்ளைக்கு அது கைதட்டு வாங்கித் தரும் வார்த்தை ஆகிவிடுகிறது. அறைந்தாலும் ஏறக்குறைய அதேதான். இவ்வளவு பெரிய வீட்டை ஒரு சின்னச் சொல்லால் அசைக்க முடிகிறதே என்று அதற்குத் தெரிந்துவிடும். அந்த வயசுக்கு நான் கண்ட மருந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், “வா, கோழிக்கு அரிசி போடுவோம்” என்று அடுத்த வேலைக்குக் கூட்டிப்போவது. பத்தில் எட்டு வார்த்தை ஒரு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும்.

நாலு அஞ்சு வயதில் பீ, மூத்திரம், குசு என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அது வயசு. கக்கூசுக்குப் போகும்போது அதைப் பேசலாம், சாப்பிடும்போது வேண்டாம் என்று ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் போதும். இதற்குப் போய் யாரும் அடிக்காதீர்கள்.

ஏழு எட்டு வயதுக்கு மேல்தான் அர்த்தம் சொல்ல வேண்டும். பேரன் சொன்ன அந்த வார்த்தைக்கு நான் பிறகு அர்த்தம் சொன்னேன். முழுசாக இல்லை, அவன் வயசுக்கு எவ்வளவோ அவ்வளவு. “உனக்குச் சண்டை யாரோட? அவனோட. பம்பரத்த ஒளிச்சு வச்சது யாரு? அவன். அவங்க அம்மா அந்நேரம் எங்க இருந்தாங்க? நூறுநாள் வேலையில வெயில்ல நின்னாங்க. அவங்கள எதுக்கு இழுத்த?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். “எல்லாரும் அப்படித்தான அப்பத்தா சொல்றாங்க?” என்றான். ஆமாம், எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவை இழுக்காமல் நம் ஆண்களுக்குக் கோபப்படத் தெரியவில்லை. அதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன்.

பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளிடம் வார்த்தையின் கதையையே பேசலாம். மயிர் என்பது ஒரு காலத்தில் நல்ல தமிழ்ச் சொல். “மயிர்நீப்பின் வாழாக் கவரிமா” என்று திருக்குறளில் 969-ஆம் குறளில் வருகிறது. வகுப்பில் அந்தக் குறளைப் படிக்கும்போது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நாற்றம் என்றால் முன்பு நறுமணம், இப்போது துர்நாற்றம். சொல் மேல் அழுக்கு எப்படி ஏறுகிறது, யார் ஏற்றுகிறார்கள் என்று பேசினால் அந்த வயசுப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். எங்கள் தெருப் பெரிய பையன்கள் நாலு பேரிடம் பேசிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வாயை அடைப்பதால் என்ன கெடுதல் என்று சிலர் கேட்கலாம். பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பெண்பிள்ளை ஒன்றுக்குப் போக அழுதது. எங்கே வலிக்கிறது என்றால் சொல்லாது. வயிற்றைக் காட்டும், தொடையைக் காட்டும். பிறகுதான் புரிந்தது: அந்த இடத்துக்கு அந்த வீட்டில் பெயரே கிடையாது. தெருவில் கேட்ட ஒரே ஒரு பெயர் அதற்குத் தெரியும். அதைச் சொன்னதற்கு ஏற்கெனவே வாயில் அடி வாங்கியிருந்தது. மூத்திரப் புண்ணோடு எத்தனை நாள் இருந்ததோ. நாம் பெயர் வைக்காத உறுப்புக்குத் தெரு பெயர் வைக்கிறது. பிறகு அந்தப் பெயரைச் சொன்னதற்கு நாம் அடிக்கிறோம். ஆண்குறி, பெண்குறி என்பவை பாடப் புத்தகச் சொல், கூச்சப்படாமல் சொல்லலாம். கூச்சமாக இருந்தால் வீட்டுக்குள் ஒரு செல்லப் பெயராவது வையுங்கள். ஒரு பெயர் வேண்டும் பிள்ளைக்கு.

இதோடு சேர்ந்த விஷயம் இன்னொன்று. வயசுக்கு மீறிய, பெரியவர்கள் படுக்கையில் பேசும் பேச்சு திடீரென்று ஒரு சின்னப் பிள்ளையின் வாயில் வந்தால், தண்டிப்பதை நிறுத்திவிட்டு விசாரியுங்கள். “இதை எங்கப்பா கேட்ட? யாரு சொன்னா? அவங்க வேற என்ன சொன்னாங்க?” என்று அரிசி புடைத்துக்கொண்டே கேட்பதுபோல் சாதாரணமாகக் கேளுங்கள். படத்தில் கேட்டதாக இருக்கலாம். எவனோ ஒருவன் அந்தப் பிள்ளையிடம் தப்பாக நடந்துகொண்டதன் முதல் தடயமாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். காசு இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள். வாயில் மிளகாய் வாங்கிய பிள்ளை அந்தப் பேச்சை நம்மிடம் கொண்டுவரவே வராது. திண்ணைப் பெரியவர் “வாயே திறக்குறதில்ல” என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது அதனால்தான்.

அபூர்வமாக இன்னொரு வகையும் உண்டு. கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைச் செருமலோடு சேர்ந்து, பிள்ளை வேண்டாம் என்று நினைத்தாலும் வார்த்தை வெளியே தெறிக்கும். டூரெட் என்று ஒரு நரம்புக் கோளாறு. அது உள்ளவர்களிலும் பத்தில் ஒருவருக்குத்தான் கெட்ட வார்த்தை வரும் என்கிறார்கள். அப்படித் தெரிந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போய் வேப்பிலையால் அடிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

“அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். என் மகள் மனநலம் படித்தவள். ஒரு நாள் எனக்கு ஒரு ஆய்வை வாசித்துக் காட்டினாள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டது. 976 குடும்பங்களைப் பார்த்திருக்கிறார்கள். பெற்றோர் கத்தி, வைது, மட்டம் தட்டிக் கண்டித்த 13 வயதுப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் சண்டித்தனமும் கூடியிருந்தது, மனச்சோர்வும் கூடியிருந்தது. அந்தப் பெற்றோர் மற்ற நேரத்தில் பாசமாக இருந்தது அந்தக் கெடுதலைக் குறைக்கவில்லை. அந்த இடத்தில் அவளை நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். நான் வைத பிறகு கொடுத்த பால் பணியாரமெல்லாம் எதையும் அழிக்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

செல்போன், டிவி பற்றிச் சுருக்கமாக. படச் சான்றிதழில் இப்போது யு/ஏ 7+, 13+, 16+ என்று வயசு பிரித்துப் போடுகிறார்கள். ஓடிடி தொடர்களிலும் வயசு போட்டிருக்கும், பூட்டுப் போடும் வசதியும் உண்டு. எனக்குப் பூட்டத் தெரியாது. மருமகள் பூட்டித் தந்தாள். துப்பாக்கி விளையாட்டில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு பிள்ளை பேசிக்கொண்டிருந்தால், ஒரு நாள் அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் எல்லாப் பழியையும் செல்போன் மேல் போடாதீர்கள். பேதியும் கட்டையும் என் பேரனுக்குச் செல்போன் சொல்லித் தரவில்லை.

கோபத்துக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். சும்மா “பேசாதே” என்றால் உள்ளே இருப்பது எங்கே போகும்? நானும் பேரனும் உட்கார்ந்து யோசித்தோம். “அடக் கடவுளே” அவனுக்குப் பிடிக்கவில்லை, கிழவி மாதிரி இருக்கிறதாம். கடைசியில் அவனே கண்டுபிடித்தது “சீப்புச் சீடை!” பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், கோபத்துக்கு வேண்டிய சத்தம் அதில் இருக்கிறது. கிரிக்கெட்டில் அவுட் ஆனால் அதுதான். இப்போது தெருவில் பாதிப் பிள்ளைகள் அதைச் சொல்கின்றன. கெட்ட வார்த்தைக்கு உண்டியலில் ஒரு ரூபாய் என்றும் முயன்று பார்த்தேன். அதை நீங்களும் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ரெண்டு ரூபாய் வைத்திருக்கிறேன், ரெண்டு தடவை வையலாமா என்று பிள்ளை கணக்குப் போடுகிறது.

காசுக்குப் பதில் ஒரு வழக்கம் வைத்தோம். யார் வைதாலும், யாரை வைதோமோ அவரிடம் போய் நேரே மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும். இதில் அதிகம் மன்னிப்புக் கேட்டவள் நான். அறுபத்துமூன்று வயதில் வாய் லேசில் திருந்தாது. “சனி” என்று தொடங்கிவிட்டு “சனிக்கிழமை லீவு தானப்பா?” என்று திருப்பிய நாளும் உண்டு. அவன் கண்டுபிடித்துவிடுவான்.

சரி. பங்குனி வருகிறது. மீனாட்சிபுரம் முத்துமாரிக்குப் பால்குடம், முளைப்பாரி, அப்புறம் பள்ளி லீவு. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து வீடு நிறையும். அந்த நாட்களில் முகப்பில் சீட்டு ஆடும் ஆண்களிடமும், பந்தியில் வேலை ஏவும் பெண்களிடமும் நான் ஒன்று கேட்கிறேன். வளவுக்கு அந்தப் பக்கம் பேசினாலும் இந்தப் பக்கம் கேட்கும் வீடுகள் நம்முடையவை. தூணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பிள்ளை நிற்கும்.

கடைசியாக, காதுகுத்து வீட்டுத் திண்ணையில் பேசிய ஐயா அவர்களுக்கு. உங்கள் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும். உங்கள் பேரனை உட்காரவைத்து, “ஐயா அன்னைக்குச் செஞ்சது தப்புப்பா” என்று சொல்லுங்கள். மானம் ஒன்றும் போகாது. நான் என் பேரனிடம் சொன்னபோது அவன் உடனே ஒன்றும் பேசவில்லை. என் கையை எடுத்து, விரல்களை மோந்து பார்த்தான். மிளகாய் வாசம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். அப்புறம்தான் மடியில் வந்து உட்கார்ந்தான்.

அன்புடன்,
அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அப்பத்தா
காரைக்குடி வட்டாரம்